மரச் சத்தம்

தங்கையை மழையில் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போன வாரம் நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்று உங்களில் பல பேருக்குக் கோபம். என்ன செய்ய, இந்தத் தொடருக்கு வாராவாரம் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான். கவலைப்படாதீர்கள், அவளை உள்ளே கூப்பிட்டாயிற்று. தலை துவட்ட அம்மா துண்டு கொடுத்தாள். கொடுத்த கையோடு, "இத்தனை மாசமா ஒரு போன் கிடையாது, இப்ப மட்டும் வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கவும் செய்தாள்.

இந்த வீட்டுக்குள் முதன்முறையாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். அது வயிற்றுப் பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் தனிப் பியானோவுக்கு இசை எழுதுகிறாள், அதுவும் யாராலும் திருப்பி முணுமுணுக்க முடியாத மாதிரி இசை. சின்னவள் பியானோ வாசிக்கிறவள், பத்திரிகையில் போட்டோ வருகிற அளவுக்கு. ஒரு பேட்டியில், "அக்கா எழுதறது எனக்கே புரியாது, அக்காங்கிறதுக்காக வாசிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லப்போக, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஆனால் நாளை மறுநாள் நகர மண்டபத்தில் சின்னவளின் கச்சேரி. அதில் அக்காவின் புது உருப்படியை வாசிப்பதாக எப்போதோ வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த உருப்படிக்கோ இன்னும் கடைசிப் பக்கம் எழுதப்படவில்லை. அதை வாங்கிப்போகத்தான் நேற்று ராத்திரி பெட்டியும் கையுமாக அவள் வந்திருந்தாள்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவர். மண்டபத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'காதுக்காரர்' என்பார்கள். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஏகப்பட்ட பெருமை.

இனி இந்தக் காலையைப் பார்ப்போம்.

வீடு எழுந்திருக்கும் முன்பே பெரியவள் பியானோ முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். கண் எரிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. அவள் முன்னால் இருந்த தாளில் சுரம் எழுதுவதற்கான ஐந்து ஐந்து கோடுகள் மட்டும் இருந்தன.

பியானோ, மேடையில் வைக்கிற வகைப் பெரிய பியானோ, பின்னால் வால்போல் நீண்டது. மூடிப்போன ஏதோ ஒரு ஹோட்டலிலிருந்து அப்பா தூக்கிக்கொண்டு வந்தது. முன்னறையில் அதற்கு இடம் கொடுப்பதற்காகச் சோபாவை வெளியே அனுப்பினார்கள். அம்மா பழிக்குப் பழியாக, துவைத்து மடித்த துணியையெல்லாம் அதன் மூடிமேல்தான் அடுக்குவாள். ஊரெல்லாம் சுருதி சேர்க்கிற அப்பாவுக்கு இந்தப் பியானோவுக்கு மட்டும் நேரம் கிடைத்ததே இல்லை. பெரியவளே அவ்வப்போது திருகிச் சரிபண்ணிக்கொள்வாள்.

"முடிச்சியா?" அம்மா காப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இல்லம்மா."

"முடியலைன்னா விட்டுடேன். ஆரம்பமே யாருக்கும் புரியப்போறதில்ல. முடிவு இல்லைன்னு யாரு கண்டுபிடிக்கப்போறா?"

"அம்மா..."

"சும்மா சொன்னேன்டி. மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்கே. உருப்படி உருப்படின்னு சொல்றே, உருப்படியா ஒரு ராத்திரி தூங்கினியா?"

பெரியவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. காப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

அவள் எழுதுகிற அந்த உருப்படியில் தாளம் என்று கட்டிவைத்த எதுவும் கிடையாது. ஒரு கட்டையை அழுத்த வேண்டும். அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. நடுவில் சில கட்டைகளைச் சத்தம் வராமல் மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓங்கி ஓர் அடி அடித்தால், அடிபடாத கம்பிகள் தாமாக முனக ஆரம்பிக்கும். அதற்கப்புறம் ஒரு பக்கம் முழுக்க விரல் முட்டியால் பியானோவின் மரத்தைத் தட்டுவது. இவ்வளவையும் தாண்டி எங்கே போய் நிறுத்துவது என்பதுதான் அவளுக்கு வாரக் கணக்காகப் பிடிபடவில்லை. உரக்க முடித்துப் பார்த்தாள், பொய்யாக இருந்தது. கீழே கனமான சுரத்தில் முடித்துப் பார்த்தாள், யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டாள்.

இதில் அப்பாவின் பங்கும் உண்டு. அவள் எழுதிய எதையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "நான் நாள் முழுக்கச் சேர்க்கிறதை நீ நாள் முழுக்கக் கலைக்கிறே" என்பார். ரொம்பக் கேட்டால் "ம்" என்பார். அந்த 'ம்'முக்கு அர்த்தம் தேடியே அவள் பாதி வயசைத் தொலைத்திருக்கிறாள். டீச்சர் வேலைக்குப் போகிற பெண், தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஏங்குகிறாள். கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பாள், நீங்கள் நம்பாதீர்கள்.

காப்பி ஆறிப்போனது. ஏதோ நினைப்பில் அவள் கையை வலது கோடிக்குக் கொண்டுபோய், கடைசியில் இருக்கும் கட்டைகளில் ஒன்றை மெல்லத் தொட்டாள். சின்னதாக, கூர்மையாக ஒரு சத்தம் வந்து, கொஞ்ச நேரம் நின்று, தானே மறைந்தது.

மறுபடி தொட்டாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

சின்னவள் தலையை முடிந்துகொண்டே அறையிலிருந்து வந்தபோது பக்கம் நிரம்பியிருந்தது. அக்கா தாளை நீட்டினாள். தங்கை வாங்கினாள். நின்றபடியே படித்தாள்.

"எல்லாம் மேல் சுரமாவே இருக்கே" என்றாள் கடைசியில். இத்தனை மாதத்தில் அவள் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமா."

"ஏன்?"

"மத்த கம்பிக்கெல்லாம் மேல உக்காந்து அடக்குற மரத்துண்டு இருக்கு, விரலை எடுத்தா சத்தம் நின்னுடும். அந்தக் கோடியில மட்டும் அது கிடையாது. சத்தம் தானா அடங்கினாத்தான் உண்டு."

சின்னவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேலையெல்லாம் முடிச்சுட்டு விளக்கை அணைச்சுட்டுப் படுக்கிற மாதிரி இருக்கு."

"ம்."

"இது எனக்குப் புரியுதுக்கா" என்றாள் சின்னவள்.  "அந்தப் பேட்டியில..."

"அதை விடுடி. எனக்கு இப்ப சண்டை போடக்கூடத் தெம்பில்ல. போய்ப் பல்லு தேய்ச்சுட்டு வா, வாசிச்சுப் பாக்கலாம்."

இத்தனை மாதச் சண்டை இப்படிச் சப்பென்று தீர்ந்ததில் எனக்கே ஏமாற்றம்தான். ஒரு பெரிய அழுகைக் காட்சிக்கு நான் தயாராக இருந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் வீடே முன்னறையில் கூடியது. சின்னவள் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கலாம் என்றால் அதன்மேல் துணி மலைபோல் இருந்தது. "மூடியே இருக்கட்டும், ஒத்திகைதானே" என்றாள். பெரியவள் தாள் திருப்ப அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா வாசற்படியில் சாய்ந்துகொண்டு வெங்காயம் உரித்தாள்.

அப்பா பியானோவின் வால் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாளைக் காலை மண்டபத்துப் பியானோவுக்கு அவர்தான் சுருதி சேர்க்கப் போகிறார் என்பதால் தோல் பையைத் திறந்து சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு நீளமான சிவப்புக் கம்பளிப் பட்டை உண்டு. ஒரு கம்பியைச் சேர்க்கும்போது பக்கத்துக் கம்பிகள் பேசாமல் இருக்க, அவற்றின் இடுக்கில் செருகுவதற்கானது. அதைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதும் அவருக்குப் பழக்கம். சிலர் காலாட்டுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

"இந்தக் காலத்துப் பசங்க மெஷினை வெச்சு சுருதி சேர்க்கிறாங்களாம்" என்றார் பொதுவாக. "மெஷினை வெச்சு சேர்க்கிறவன் தெர்மாமீட்டரை வெச்சுக் காப்பி குடிக்கிறவன்."

"இந்த வசனத்தைக் கல்யாணமான அன்னிக்குச் சொன்னீங்க" என்றாள் அம்மா. "இன்னும் யாரும் சிரிக்கல."

"உஷ்" என்றாள் பெரியவள். "ஆரம்பிடி."

சின்னவள் ஆரம்பித்தாள்.

தங்கை வாசித்தால் தன் எழுத்து இப்படி ஆகிவிடும் என்பது பெரியவளுக்கு மறந்தே போயிருந்தது. தாளில் முரண்டு பிடித்த இடமெல்லாம் அவள் கைக்கு வழிவிட்டது. முனகல் பக்கம் வந்தது. அம்மா வெங்காயத்தை நிறுத்தினாள். மரத்தைத் தட்டும் பக்கம் வந்தது. விரல் முட்டி ஓரிடத்தில் டொக் என்றும் இன்னோரிடத்தில் டப் என்றும் பேசியது. அப்பா பட்டையைச் சுற்றிக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டார்.

கடைசிப் பக்கம். சின்னவளின் இரண்டு கைகளும் வலது கோடிக்குப் போயின. ஒவ்வொன்றாகச் சொட்டியது. ஒன்று மறைந்த பிறகு ஒன்று. கடைசிச் சுரமும் மறைந்தது.

அப்பா முகத்தைப் பார்க்கப் பெரியவளுக்குத் துணிச்சல் இல்லை. தாள்களை அடுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டாள். 'ம்' வரும், அவ்வளவுதானே, வரட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

"ஏம்மா" என்றார் அப்பா.

நிமிர்ந்தாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கடைசிப் பக்கத்துல மட்டும் கை வெச்சுடாதே. யார் என்ன சொன்னாலும் மாத்தாதே. இத்தனை வருஷத்துல நீ எழுதினதுலயே அதுதான்மா."

 பெரியவளுக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பியானோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை தாள், எத்தனை ராத்திரி! சந்தோஷத்தில் அவளுக்கு உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

"வாசிச்சு வாசிச்சு அலுத்துப்போன மனுஷன் கையி" அப்பா சொல்லிக்கொண்டே போனார். "விரல் போகுது, கட்டை இறங்குது, ஆனா சுரமே இல்ல. வெறும் மரச் சத்தம். டொக்... டொக்... அப்படியே உலுக்கிடுச்சு போ. ஆமா, கம்பியை எப்படி அவ்வளவு சுத்தமா ஊமையாக்கினே? கம்பளி வெச்சியா, ரப்பரா?"

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். 

சின்னவளின் முதுகு விறைத்தது. அவள் திரும்பாமலே வலது கோடியில் ஒரு கட்டையை அழுத்தினாள். அறையில் கணீரென்று கேட்டது.

"இதுவாப்பா?" என்றாள்.

"அதேதான். டொக்" என்றார் அப்பா சந்தோஷமாக. "மூடியைத் திற, உள்ள என்ன பண்ணியிருக்கேன்னு பாக்கணும்." எழுந்தே விட்டார்.

"வேண்டாம்பா!" பெரியவள் போட்ட சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள். "அது... அது ரகசியம். சாயந்திரம் காட்டறேன்."

"என்கிட்டயே ரகசியமா? நான் பியானோக்காரன்டீ."

அப்போது அம்மா உள்ளே வந்தாள், கையில் வெங்காயமும் கத்தியுமாக. "என் துணி மேல யாராவது கை வெச்சீங்க, தெரியும் சேதி! நாளைக்கு மண்டபத்துக்குப் போறவரு இந்தத் தலையோடயா போவீங்க? சாப்பிட்டுட்டு முதல்ல போய் முடியை வெட்டிக்கிட்டு வாங்க."

மண்டபத்து வேலைக்கு முன்னால் முடி வெட்டிக்கொள்வது அவர் வழக்கம். முணுமுணுத்துக்கொண்டே பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டு, பையைச் சுவரோரம் வைத்தார்.

அவர் கிளம்பிப் போன பிறகு சமையலறையில் மூன்று பேரும் நின்றார்கள்.

"உனக்குத் தெரியும்" என்றாள் பெரியவள் அம்மாவிடம்.

"தெரியாம? கெட்டில் கூவிக் கூவித் தொண்டை வத்திப்போகும், இவர் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிப்பாரு. போன் அடிச்சா நான் போய்த் தோளைத் தொடணும். நம்ம பேச்சு கேக்குது, கதவு சாத்துறது கேக்குது. இந்தக் கீச்சுக் கீச்சுன்னு வர்றது மட்டும்தான் போச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இப்படி மார்தட்டிக்கிட்டுத் திரிவாரா? ஒரு சத்தம் கேக்கலைங்கிறது, அந்தச் சத்தம் கேட்டாத்தானேடி தெரியும்? நான் எப்படிச் சொல்றது? சமையல்காரன்கிட்ட நாக்கு போச்சுன்னு சொல்ற மாதிரி இல்ல?"

சின்னவள் சுவரில் சாய்ந்திருந்தாள். "போன தடவை மண்டபத்துல வாசிச்சவர், மேல் சுரமெல்லாம் கசக்குதுன்னு சொல்லிட்டுப் போனாராம். மேனேஜர் என்கிட்ட சொன்னாரு. மழைக்காலம், மரம் ஊறியிருக்கும்னு எல்லாரும் மழை தலையில பழியைப் போட்டோம்." கொஞ்சம் நிறுத்தினாள். "நாளைக்கு அவர் சேர்க்கக் கூடாதுக்கா."

"நீ போய்ச் சொல்லு."

"நீ மூத்தவ, நீ சொல்லு."

"மேடையில உக்காரப்போறது நீ."

"பாராட்டு வாங்கினது நீ!"

அது பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தங்கைக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. 

"ஆமாடி" என்றாள் பெரியவள் மெல்ல. "முதல் தடவையா நல்லா இருக்குன்னு சொன்னார். நான் எழுதாததைப் பாத்து."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். உடம்பில் இருந்த களைப்பெல்லாம் ஒரே நேரத்தில் வந்து ஏறிக்கொண்டது. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த களைப்பு, எழுதிக் கிழித்த களைப்பு, பேசாமல் இருந்த மாதங்களின் களைப்பு. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால்தான் அடுத்து அவள் செய்த முட்டாள்தனத்தை என்னால் முழுக்கத் திட்ட முடியவில்லை.

"அவர் கேட்டதையே எழுதிடறேன்" என்றாள்.

"என்னது?"

"மேல் கம்பியை நிஜமாவே ஊமையாக்கிடலாம். நாளன்னைக்கு மண்டபத்துல எல்லாருக்கும் மரச் சத்தம்தான் கேக்கும். அவர் கேட்டதுதான் உருப்படி. அவர் சொன்னது பொய்யாகாது."

"உன் பக்கத்தை விட்டுக் கொடுக்கிறே. சரி. நான் வாசிக்கப்போற மத்த உருப்படியெல்லாம்? அதுக்கெல்லாம் மேல் சுரம் வேண்டாமா?"

"அதுக்கு வேற யாரையாவது பின்னாடி வரச்சொல்லி... தெரியாம..."

"அப்பாவுக்குத் தெரியாம இன்னொருத்தனைக் கூட்டிட்டு வந்து அவர் வேலையைத் திருத்தறதா? அதுக்கு நேரா சொல்லிடலாம்க்கா."

"நேரா சொல்றதை நாளைக்குப் பாக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் அவர் சந்தோஷமா இருக்கட்டும். நானும்தான்." அவள் எழுந்தாள். "சாயந்திரம் மூடியைத் திறந்து பாப்பாரு. உள்ள ஒண்ணும் இல்லைன்னா அப்பவே தெரிஞ்சுடும்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, துணியை அள்ளி நாற்காலிக்கு மாற்ற ஆரம்பித்தாள்.

வீட்டில் கம்பளி தேடினார்கள். பழைய ஸ்வெட்டர் தடிமனாக இருந்தது. போர்வை நூல் விட்டது. பெரியவளின் கண் சுவரோரம் இருந்த தோல் பைமீது போனது. அதற்குள் இருப்பது இதற்கென்றே செய்த பொருள். சிவப்புப் பட்டையை எடுத்தாள். வலது கோடிக் கம்பிகளின் இடுக்கில் மடிப்பு மடிப்பாக, நேர்த்தியாகச் செருகினாள். சின்னவள் கட்டைகளைத் தட்டிப் பார்த்தாள். டொக். டொக். சுரமே இல்லை.

"பயங்கரம்" என்றாள் சின்னவள். "உண்மையிலேயே நல்லா இருக்கு. அதான் பயங்கரம்."

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அப்பா வந்தார். பிடரியில் சின்னச் சின்ன முடி ஒட்டியிருந்தது. வந்ததும் வராததுமாக மூடியைப் பார்த்தார்.

"அட, துணியைக் காணோம்!"

"பாக்கணும்னீங்களே, பாருங்கப்பா" என்றாள் பெரியவள்.

அவர் மூடியைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வலது கோடியில் சிவப்புப் பட்டை வரிசை தப்பாமல் உட்கார்ந்திருந்தது. அதை விரலால் தடவினார்.

"நல்லா செருகியிருக்கே. நான்கூட இவ்வளவு நேரா செருக மாட்டேன்."

பெரியவள் அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

அப்பா நிமிரவில்லை. பட்டையின் நுனியைப் பிடித்து மெதுவாக உருவினார். ஒவ்வொரு மடிப்பாக வந்தது. வழக்கம்போல் கையில் சுற்றினார். சுற்றி முடித்துப் பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"என்கிட்ட இது ஒண்ணுதான்மா இருக்கு" என்றார்.

பட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"சின்னது வாசிக்கும்போது இது என் கையிலதானே இருந்துச்சு."

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். சின்னவள் தரையைப் பார்த்தாள். எத்தனை யோசித்துச் செய்தோம், இதை எப்படி மறந்தோம் என்று பெரியவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அப்பா..."

"இரு." அவர் நாற்காலியிலிருந்த துணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "சின்னது, நடுவுலேர்ந்து ஒவ்வொண்ணா மேல போ. மெதுவா."

சின்னவள் வாசித்தாள். அப்பா கண்ணை மூடிக் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார், அவர் வேலை செய்யும்போது பிடிக்கிற மாதிரியே. சுரம் ஏற ஏறக் கை கூடவே ஏறியது. ஓரிடத்தில் தயங்கியது. இன்னும் சில கட்டைகள் போனதும் கை மெல்ல இறங்கி மடிக்கு வந்துவிட்டது. சின்னவளின் விரல் மட்டும் கடைசிவரை போய் நின்றது. அவள் தோள் குலுங்கியது.

"அழாதே. ஈரக் கையோட கட்டையைத் தொடாதே" என்றார் அப்பா. அப்புறம் பெரியவளைப் பார்த்தார். "நீ எழுதினது என்ன?"

"அதான் நீங்க..."

"நான் கேட்டது இல்ல. நீ எழுதினது. கீழ இறக்கி வாசி. என் காது எட்டுற இடத்துல."

சின்னவள் எழுந்து இடம் விட்டாள். பெரியவள் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைப் பியானோவின் நடுவுக்கு இறக்கி வாசித்தாள்.  அங்கே அடக்குகிற மரத்துண்டு உண்டு என்பதால் காலடி மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், சத்தம் தானாக அடங்கட்டும் என்று. ஒன்று மறைந்த பிறகு ஒன்று. கடைசிச் சுரம் இருட்டத் தொடங்கிய அறையில் ரொம்ப நேரம் இருந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மரச் சத்தமே தேவலைன்னு சொல்லலாம்னு பாத்தேன்" என்றார். "முடியல."

பெரியவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை அவள் எழுதியதற்குத்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்வதற்கு அவர் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்று நினைத்தபோது, அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது மூன்று பெண்களின் தலையும் ஒரே நேரத்தில் மேஜைப் பக்கம் திரும்பியது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"அடிக்குதா?"

"அடிக்குதுப்பா" என்றாள் சின்னவள். மேஜையிலிருந்த அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தாள். "மண்டபம். நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு கேக்கத்தான் இருக்கும். நான் பேசிக்கிறேன்பா."

"குடு."

"ஏங்க, அவ பேசட்டுமே" என்றாள் அம்மா.

"குடும்மா."

வாங்கினார். சிவப்புப் பட்டை இன்னும் இடது கையில் சுற்றியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, போனைக் காதில் வைத்து, எத்தனையோ வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியதையே சொன்னார்.

"வணக்கம் சார். ஆமா, காதுக்காரன்தான் பேசறேன்."

அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டார்.  அந்தப் பக்கத்து மேனேஜரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஹலோ... ஹலோ? காதுக்காரரே, கேக்குதா?"